டிஃப்யூஷன் ஃபில்டர்: மலையில் படம் எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் கல்யாண வீடியோவும் முகப்படங்களும் எடுக்கிறேன். லென்ஸுக்கு முன்னால் மாட்டும் டிஃப்யூஷன் ஃபில்டரைப் பற்றி என்னோடு வேலைக்கு வரும் தம்பிகள், புதிதாகக் கேமரா வாங்கியவர்கள், சில சமயம் மணப்பெண் வீட்டார் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். சமவெளியில் எடுப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். ஆனால் மூடுபனியும், மலை வெயிலும், நீலகிரியின் படுகர் சமூகத்தார் உடுத்தும் வெள்ளை உடையும் சேரும் இடத்தில் கணக்கு கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தைத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

டிஃப்யூஷன் ஃபில்டர் உண்மையில் என்ன செய்கிறது?

லென்ஸின் முகப்பில் திருகி மாட்டும் கண்ணாடி அது. அதற்குள் நுண்ணிய துகள்களோ, மேற்பரப்பில் சின்னச் சின்னக் குழிகளோ புடைப்புகளோ, சில வகைகளில் மெல்லிய வலையோ இருக்கும். வருகிற வெளிச்சத்தில் பெரும்பகுதி நேராக உள்ளே போய்விடும். அதனால் படம் கூர்மையாகவே பதியும். மிச்சம் கொஞ்சம் வழி விலகி அக்கம்பக்கத்தில் விழும். விளக்கு, ஜன்னல், நகையின் மினுக்கம் போன்ற பிரகாசமான இடங்களைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் வரும். நிழல் சற்று வெளுக்கும். தோலின் துளைகள், பவுடர் திட்டு மாதிரியான மிக நுணுக்கமான விவரங்களின் அழுத்தம் குறையும். கூர்மையான படத்தின் மேல் மங்கலான படம் ஒன்றை மெல்லிசாகப் போர்த்தினால் எப்படியோ, அப்படி.

அப்படியென்றால் ஃபோகஸ் தப்பின படமும் இதுவும் ஒன்றா?

இல்லை. டிஃப்யூஷன் போட்ட படத்திலும் இமை முடி தனித்தனியாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ஃபோகஸ் தப்பிவிட்டது. அதற்கு ஃபில்டர் மேல் பழி போட முடியாது. ஃபில்டர் மாட்டியிருக்கும்போது ஃபோகஸில் கூடுதல் கவனம் வேண்டும். எண் கூடின, அதாவது விளைவு அதிகமான ஃபில்டரில், ஃபோகஸ் விழுந்த விளிம்புகளைத் திரையில் நிறம் தீட்டிக் காட்டும் பீக்கிங் கோடுகள் மங்கிவிடும். திரையைப் பெரிதாக்கிக் கண்ணைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

காசு கொடுத்துக் கூர்மையான லென்ஸ் வாங்கிவிட்டு, அதை ஏன் மங்கலாக்க வேண்டும்?

ரொம்ப நியாயமான கேள்வி. 4கே வீடியோவின் ஒரு சட்டகம் 3840-க்கு 2160, அதாவது கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளிகள். நாம் ஒருவரோடு எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது அவர் கண்ணைப் பார்க்கிறோம், சிரிப்பைப் பார்க்கிறோம். கன்னத்துத் துளைகளை எண்ணுவதில்லை. கேமரா எண்ணுகிறது. போதாததற்குப் பல கேமராக்கள் விளிம்புகளைச் செயற்கையாகக் கூர்மையாக்கியும் பதிவு செய்கின்றன. முகத்தில் கத்தி வைத்தது போன்ற அந்த டிஜிட்டல் தோற்றத்துக்குப் பாதிக் காரணம் இதுதான். ஆகவே ஃபில்டர் வாங்கும் முன் கேமரா மெனுவில் ஷார்ப்னெஸ், டீட்டெயில் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அதைக் கீழே இறக்கிப் பாருங்கள். சிலருக்கு அதுவே போதும்.

மலையில் இன்னொரு காரணமும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும் நாட்களில் காற்று காய்ந்து கிடக்கும். கன்னமும் உதடும் வெடிக்கும். கல்யாணத்துக்கு மேக்கப் போடுபவர் அதன் மேல் ஃபவுண்டேஷன் பூசுவார். பவுடர் அந்த வெடிப்புகளில் போய் உட்காரும். நேரில் பார்த்தால் எதுவும் தெரியாது. 4கே குளோசப்பில் அது வேறொரு பெண்ணின் முகம் போல இருக்கும். அவள் வீட்டார் தினமும் பார்க்கிற முகத்துக்குப் படத்தைத் திருப்பிக் கொண்டுவரத்தான் நான் ஃபில்டரை எடுக்கிறேன். முகத்தை வேறொன்றாக மாற்றுவதற்கு எடுப்பதில்லை. கீழே நான் சொல்லும் எல்லா அளவுகளும் இந்த எண்ணத்திலிருந்து வருபவைதான்.

மென்மையான முகப்படம் டிஜிட்டலோடு வந்த ஆசையும் கிடையாது. 1815-இல் கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற பெண்மணி 1860-களில் இங்கிலாந்தில் எடுத்த மங்கலான முகப்படங்களை அன்றைக்கே பலர் குறை என்றார்கள், சிலர் அழகு என்றார்கள். கடைசிக் காலத்தில் இலங்கைக்குப் போய், அங்குள்ள மக்களையும் படமெடுத்து, 1879-இல் அங்கேயே இறந்தார். அவரிடம் ஃபில்டர் இல்லை. லென்ஸின் இயல்பும் அவர் ஃபோகஸ் வைத்த விதமும்தான்.

கடையில் பத்துப் பெயர் சொல்கிறார்கள். எது எது?

பெயர் பல. குணத்தால் பிரித்தால் சில வகைகள்தான்.

மிஸ்ட் வகை ஒளியைத் தாராளமாகப் பரப்பும். ஒளிவட்டம் பெரிதாக வரும், கருப்பு வெளுக்கும். டிஃபென் கம்பெனியின் ப்ரோ-மிஸ்ட் இந்த வகை. அதே கம்பெனியின் பிளாக் ப்ரோ-மிஸ்டில் கருப்புப் புள்ளிகளும் கலந்திருக்கும். சிதறும் ஒளியில் ஒரு பங்கை அவை விழுங்கிவிடுவதால் கருப்பு அவ்வளவாக வெளுக்காது. இன்று கல்யாண வீடியோக்காரர்கள் வெறுமனே “பிளாக் மிஸ்ட்” என்று சொல்வது இந்த வகையைத்தான். கே அண்ட் எஃப், நிசி, கென்கோ என்று பலரும் பிளாக் மிஸ்ட் செய்கிறார்கள். என் கல்யாண வேலையில் முக்கால்வாசி இதில்தான் போகிறது.

கிளிம்மர்கிளாஸ் இன்னும் மெல்லியது. கல் நகைகளுக்கு நல்லது. ஷ்னைடரின் ஹாலிவுட் பிளாக் மேஜிக் தோலைக் கவனிக்கும், கருப்பையும் காப்பாற்றும்.

மேற்பரப்பில் குழியோ புடைப்போ உள்ள குழி வகை வேறு மாதிரி. ஜெய்ஸின் சாஃப்டார் பழைய உதாரணம். கண்ணாடி முகப்பில் குட்டி லென்ஸ் போன்ற புடைப்புகள் தெரியும். ஸ்டுடியோ முகப்படத்துக்கு மிக அழகு. வலை வகையைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

“லோ கான்ட்ராஸ்ட்” என்று ஒன்று விற்பார்கள். அது முதன்மையாக நிழலை வெளுக்க வைக்கும், தோலுக்குப் பெரிதாக எதுவும் செய்யாது. முகத்துக்காக வாங்குகிறீர்கள் என்றால் அது வேண்டாம்.

1/8, 1/4, 1/2 என்று எண் போட்டிருக்கிறதே, முதலில் எதை வாங்குவது?

1/8 பிளாக் மிஸ்ட். யோசிக்கவே வேண்டாம். அடுத்து காசு இருக்கும்போது 1/4. 1/2-ம் 1-ம் பாட்டுக் காட்சிக்கும் கனவுக் காட்சிக்கும் ஆகும். கல்யாணத்துக்கு ஆகாது.

எண் சிறிதானால் விளைவு குறைவு. ஒரு கம்பெனியின் 1/4-ம் இன்னொரு கம்பெனியின் 1/4-ம் ஒன்றாக இருக்காது. வைத்திருக்கிற லென்ஸ்களிலேயே பெரிய விட்டத்துக்கு, பொதுவாக 77 அல்லது 82 மில்லிமீட்டருக்கு வாங்கிக்கொண்டு, சின்ன லென்ஸ்களுக்கு ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு ஃபில்டர் என்று ஆரம்பித்தால் பணம் கரைந்துவிடும்.

வாங்கியதும் ஒரு சாயங்காலம் சோதித்துப் பாருங்கள். ஒருவரை நிறுத்தி, சட்டகத்துக்குள் எரியும் பல்பு ஒன்றும் கருப்புக் கோட்டு ஒன்றும் வருகிற மாதிரி, முக்காலி நகராமல் ஃபில்டரோடும் ஃபில்டர் இல்லாமலும் எடுங்கள். வீட்டு டிவியில் போட்டுப் பாருங்கள். கேமராவின் சின்னத் திரையில் 1/4 ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும், டிவியில் பளிச்சென்று தெரியும். பலர் தேவைக்கு மேல் கூட்டிப் போடுவது அந்தச் சின்னத் திரையை நம்பித்தான்.

எடிட்டிங்கில் இதையே செய்யலாமே?

தோலை மென்மையாக்குவது மட்டும் வேண்டுமென்றால், செய்யலாம். டாவின்சி ரிசால்வில் மிட்டோன் டீட்டெயிலைக் குறைக்கலாம், லைட்ரூமில் கிளாரிட்டியை மைனஸுக்குக் கொண்டுபோகலாம். நானும் செய்கிறேன்.

ஆனால் ஒளிவட்டம் வேறு விஷயம். ஒரு உதாரணம். மண்டபத்தில் வெள்ளைச் சேலை கட்டிய ஒருவர் நிற்கிறார். அவர் தலைக்கு மேல் ஒரு பல்பு எரிகிறது. நேரில் அந்தப் பல்பு சேலையைவிட எத்தனையோ மடங்கு பிரகாசம். எக்ஸ்போஷர், அதாவது பதியும் வெளிச்ச அளவு, கொஞ்சம் ஏறிவிட்டால் சேலையின் ஓரமும் உச்சத்தைத் தொடும், பல்பும் உச்சத்தைத் தொடும். 8-பிட் கோப்பில் இரண்டுக்கும் எண் 255 தான். அதற்கு மேல் எழுத இடமில்லை. மென்பொருளிடம் போய் ஒளிவட்டம் போடச் சொன்னால் அது இரண்டு 255-களைப் பார்க்கும், இரண்டுக்கும் ஒரே அளவு வட்டம் போடும். சேலையும் பல்பு மாதிரி எரியும். கண்ணுக்கு அது பொய்யாகப்படும், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும்.

லென்ஸின் முன்னால் இருக்கும் ஃபில்டருக்கு இந்தச் சிக்கல் இல்லை. சென்சாரில் விழும் முன்பே அது ஒளியைப் பரப்பிவிடுகிறது. பல்பின் உண்மையான பலத்துக்கு ஏற்ற பெரிய வட்டம் பல்பைச் சுற்றி, சேலைக்கு மெல்லிய வட்டம் சேலையைச் சுற்றி. இதற்காகத்தான் இன்னும் கண்ணாடியைச் சுமந்துகொண்டு திரிகிறோம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எடிட்டிங்கில் போட்டதை எடுத்துவிடலாம். ஃபில்டரில் பதிந்ததை எடுக்கவே முடியாது. கான்ட்ராஸ்டைக் கூட்டிப் பார்க்கலாம், ஒளிவட்டம் அப்படியே நிற்கும். சந்தேகமாக இருந்தால் ஃபில்டரைக் கழற்றிவிட்டு எடுங்கள்.

மூடுபனி இருக்கும்போது மாட்டலாமா? ரெண்டும் சேர்ந்தால் கனவு மாதிரி இருக்குமே?

எல்லோருக்கும் வரும் ஆசை இது. எனக்கும் வந்தது. லேம்ப்ஸ் ராக் வழியில், தேயிலைச் சரிவில், கீழேயிருந்து மூடுபனி ஏறி வரும்போது மாட்டி எடுத்த படங்கள் எல்லாம் சாம்பல் பூசின மாதிரி வந்தன. காரணம் புரிய எனக்கு நாளானது.

மூடுபனி தூரத்தைப் பார்த்து வேலை செய்கிறது. பத்தடியில் நிற்கும் பெண்ணின் கண்மணி கருப்பாகவே இருக்கும். ஐம்பதடியில் இருக்கும் தேயிலைப் புதர் கொஞ்சம் வெளுக்கும். அதற்குப் பின்னால் இருக்கும் சில்வர் ஓக் மரங்கள் இன்னும் வெளுக்கும். எதிர்மலை ஒரு கோடாகத் தெரியும். மலைப் படத்தின் அழகே ஒன்றன் பின் ஒன்றாக வெளுத்துக்கொண்டு போகும் இந்த அடுக்குகள்தான். ஃபில்டருக்குத் தூரம் தெரியாது. வெளுத்த வானத்திலிருந்து வரும் ஒளியை எடுத்து முன்னால் நிற்கும் கண்மணி மேலும் பூசிவிடும், முடி மேலும் பூசிவிடும். அடுக்குகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். படத்தில் ஊன்றிப் பார்க்க ஒரு கருப்பு மிஞ்சாது.

ஆகவே மூடுபனியில் ஃபில்டர் வேண்டாம். அங்கே வானமே டிஃப்யூஷன் போட்டுக்கொடுக்கிறது. அதுவும் ஆளைத் தொடாமல் பின்னணிக்கு மட்டும். அந்த வெளிச்சத்தில் முகத்தில் கடினமான நிழலும் விழாது. தோல் தானாகவே நன்றாக இருக்கும்.

ஒரு விலக்கு உண்டு. மூடுபனி விலகி, தைல மரங்களுக்கு நடுவே வெயில் கீற்றுக் கீற்றாக விழும் ஐந்து பத்து நிமிடங்கள். அப்போது 1/8 போடுங்கள். அதை எதிர்பார்த்து நான் ஃபில்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் நிற்பேன்.

மதிய வெயிலில் முகம் ரொம்பக் கடினமாக வருகிறது. ஃபில்டர் போட்டால் சரியாகுமா?

ஆகாது. குன்னூரே 1800 மீட்டருக்கு மேல். மழை விட்ட தெளிந்த நாளில் இங்கே காற்று சுத்தமாக இருக்கும், வானம் அடர்நீலமாக இருக்கும். வானத்திலிருந்து நிழலுக்குள் வந்து நிரப்பும் வெளிச்சம் சமவெளியைவிடக் குறைவு. அதனால் கண்குழியும் மூக்கு நிழலும் கரியாக விழும். ஃபில்டர் அந்த நிழலைச் சற்று வெளுக்க வைக்கும், நிழலின் விளிம்பை மாற்றாது. நெற்றி மினுக்கத்தைச் சுற்றி ஒளிவட்டம் வேறு சேரும்.

மர நிழலுக்கு அழைத்துப் போங்கள். இல்லையென்றால் இரண்டு பேர் பிடிக்க ஒரு வெள்ளைத் துணி போதும். வெளிச்சத்தைச் சரிசெய்த பிறகுதான் ஃபில்டர் பேச்சு.

படுகர் வீட்டுக் கல்யாணத்தில் எல்லோரும் வெள்ளை உடுத்தியிருப்பார்கள். அங்கே என்ன செய்வது?

இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வெளியூரிலிருந்து வருகிற வீடியோக்காரர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகையின்போது கோத்தகிரிப் பக்கத்துப் பேரகணி கிராமத்துக்குப் போயிருந்தால் தெரியும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை. அதன் மேல் மலை வெயில்.

டிஃப்யூஷன் ஃபில்டருக்கு ஒளியின் மூலம் பல்பா துணியா என்று பேதம் கிடையாது. சட்டகத்தில் பாதி வெள்ளைத் துணி என்றால் பாதிச் சட்டகமும் ஒளியைச் சிதறடிக்கும். அந்தச் சிதறல் நடுவில் இருக்கும் மாநிற முகத்தின் மேல் வந்து படியும். முகம் வெளிறும், துணியின் மடிப்புகள் கரையும். நூறு பேர் ஆடும் ஆட்டத்தில் அந்த மடிப்புகள்தான் அசைவைக் காட்டுபவை. அவை போய்விட்டால் வெள்ளைத் திட்டு ஒன்று மட்டும் மிஞ்சும்.

வெளியில் வெயிலில் ஆட்டம் நடக்கும்போது ஃபில்டர் இல்லாமல் எடுப்பேன். வெள்ளையில் மடிப்பு தெரியும் அளவுக்கு எக்ஸ்போஷரை இறக்கி வைப்பேன். மிகப் பிரகாசமான இடங்களில் வரிக்கோடு காட்டும் ஸீப்ராவை 95-இல் வைத்தால் எங்கே எரிகிறது என்று தெரிந்துவிடும். வீட்டுக்குள் ஜன்னலோரம் மணப்பெண் தனியாக இருக்கும்போது 1/8. அங்கே வெள்ளை கொஞ்சம், நிழல் நிறைய. அந்த வெள்ளைத் துணி மெல்ல ஒளிர்வதைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும்.

மண்டபத்தில் சீரியல் லைட், எல்இடி எல்லாம் நிறைய இருந்தால்?

சில வருடங்களுக்கு முன் ஒரு வரவேற்பில் மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சின்ன பல்புகள். ஒளிவட்டம் அழகாக வரும் என்று 1/2 மாட்டி மூன்று மணி நேரம் எடுத்தேன். ஒவ்வொரு பல்பும் தன் வட்டத்தைப் போட, எல்லா வட்டமும் சேர்ந்து மேடை முழுக்க ஒரு வெண்படலம். படத்தைப் பார்த்த பெண்ணின் அம்மா, “என்ன தம்பி, கண்ணாடியில ஆவி படிஞ்சிருந்துச்சா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். அந்த மூன்று மணி நேரம் அவர்களுக்குத் திரும்ப வராது. இன்றும் அது மனதில் உறுத்துகிறது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கணக்கு: சட்டகத்துக்குள் தெரியும் விளக்குகள் கூடக் கூட எண்ணைக் குறைக்க வேண்டும். ஒன்றிரண்டு குத்துவிளக்கு என்றால் 1/4 தாங்கும். சுவர் நிறைய பல்பு என்றால் 1/8, அல்லது ஒன்றுமே வேண்டாம். பக்கவாட்டிலிருந்து ஃபோகஸ் லைட் நேராக ஃபில்டரில் அடித்தாலும் இதே படலம் வரும். பக்க வெளிச்சத்தை மறைக்கும் லென்ஸ் ஹூட் இல்லாமல் மிஸ்ட் ஃபில்டர் போடவே கூடாது.

கூடியவரை, வெளிச்சத்தின் படிகளை 8-பிட்டைவிட நுணுக்கமாகப் பதியும் 10-பிட்டில் பதிவு செய்யுங்கள். ஒளிவட்டம் என்பது மெல்ல மெல்ல மங்கும் ஒரு சரிவு. 8-பிட்டில் அது சில சமயம் படிக்கட்டுப் படிக்கட்டாகத் தெரியும், இருண்ட சுவரில் குறிப்பாக.

கருப்பாக இருப்பவர்களுக்கு இது ஒத்துவருமா?

ஒத்துவரும். தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். கருப்பை வெளுக்க வைக்கும் ஃபில்டர் கருத்த தோலையும் சாம்பலாக்கும். தோலின் செழுமை எல்லாம் போய்விடும். கருப்புப் புள்ளி கலக்காத வெள்ளை மிஸ்ட் வகையைத் தொடாதீர்கள். பிளாக் மிஸ்ட் 1/8, பக்கவாட்டில் பெரிய மெல்லிய வெளிச்சம். கருத்த தோலின் அழகு அதில் விழும் மினுக்கத்தில் இருக்கிறது. கன்னத்திலும் தோளிலும் ஓடும் அந்த ஒளிக்கோடு ஃபில்டரில் சற்றே பரவும்போது பட்டு மாதிரி இருக்கும்.

“கொஞ்சம் கலரா காட்டுங்க அண்ணா” என்று கேட்பவர்கள் உண்டு. ஃபில்டர் அதற்கில்லை என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, நன்றாக எடுத்த ஒரு படத்தை அங்கேயே காட்டுவேன். பார்த்த பிறகு திரும்பக் கேட்பது அபூர்வம்.

பாட்டி, தாத்தா முகங்களுக்கு?

போடமாட்டேன். சுருக்கம் அந்த முகத்தின் கையெழுத்து. படுகர் பாட்டிகள் சிலரின் நெற்றியிலும் கையிலும் பச்சை குத்தியிருப்பார்கள். ஏற்கெனவே வயதாகி மங்கிப்போன கோடுகள் அவை. ஃபில்டர் அவற்றை முதலில் தின்றுவிடும். பேரன் பேத்திகள் பிற்காலத்தில் அந்தக் கோடுகளைத் தேடிப் படத்தைப் பார்ப்பார்கள். ஜன்னல் வெளிச்சம், முழுக் கூர்மை. அவ்வளவுதான்.

அவர்களாகவே “சுருக்கம் தெரியாம எடுப்பா” என்று கேட்டால்? அது அவர்கள் முகம், அவர்கள் விருப்பம். 1/8 போட்டு எடுத்துக் கொடுப்பேன். கூடவே ஃபில்டர் இல்லாமல் ஒன்றும் எடுத்து வைப்பேன்.

லென்ஸ் மாற்றினால் விளைவு மாறுகிறதே, ஏன்?

ஃபில்டர் ஒளியை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விலக்குகிறது. லென்ஸின் குவியத் தூரம் கூடினால் அதே கோணம் சென்சாரில் பெரிதாக விழும். 24 மில்லிமீட்டரில் விழும் வட்டத்தைவிட 85-இல் விழும் வட்டம் மூன்றரை மடங்கு பெரிது. அதனால் அகன்ற காட்சிக்கு 1/4 போட்டால், 85-இல் குளோசப் போகும்போது 1/8-க்கு இறங்குங்கள். அப்போதுதான் வெட்டி ஒட்டும்போது இரண்டும் ஒன்றாக இருக்கும்.

லென்ஸின் ஒளித்துளையான அப்பர்ச்சரும் பார்க்க வேண்டும். குழி வகையும் வலை வகையும் அப்பர்ச்சரை மூட மூட மாறிக்கொண்டே போகும். எஃப் 11, எஃப் 16 என்று மூடினால் வலையின் கட்டமே படத்தில் தெரிய வாய்ப்புண்டு, அகன்ற லென்ஸில் முக்கியமாக. பிளாக் மிஸ்டிலும் பின்னணியில் உருளும் ஒளிப் பந்துகளைக் கூர்ந்து பார்த்தால் உள்ளே புள்ளி புள்ளியாக இருக்கும். பெரிய குறையாக எனக்குப் பட்டதில்லை.

என்டி ஃபில்டரோடு சேர்த்து மாட்டலாமா?

மாட்டலாம். என்டி என்பது உள்ளே போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடி. வெளியில் நொடிக்கு 25 சட்டகத்துக்கு 1/50 ஷட்டர் வைத்து, அப்பர்ச்சரையும் திறந்துவைத்து எடுக்க அது இல்லாமல் முடியாது. ஆனால் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒளி எதிரொளித்து விளக்கின் பேய் உருவம் விழும், அகன்ற லென்ஸில் மூலை இருளும். இரண்டையும் ஒரே கண்ணாடியில் சேர்த்தும் விற்கிறார்கள். பாதுகாப்புக்கு என்று மாட்டியிருக்கும் யுவி ஃபில்டரை மட்டும் கண்டிப்பாகக் கழற்றிவிடுங்கள்.

ஃபில்டர் வாங்கக் காசில்லை. வேறு வழி?

உண்டு. மெல்லிய கருப்பு ஸ்டாக்கிங் துணி. லென்ஸ் முகப்பில் இழுத்துக் கட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள். ஒளிப்பதிவாளர்கள் பல காலமாகச் செய்வது இது. இறுக்கி இழுத்தால் விளைவு குறையும், தளர்வாக விட்டால் கூடும். கருப்பு வலை கருப்பைக் காப்பாற்றும், வெள்ளை வலை நிழலை வெளுக்கும், தோல் நிறத்து வலை படத்துக்கே ஒரு வெதுவெதுப்பு கொடுக்கும். விளக்குகளைச் சுற்றி வலையின் நெசவுக்கு ஏற்ப ஒரு சிலுவைக் கீற்று வரும். குத்துவிளக்குச் சுடரில் அது மிக அழகு. ஸ்டுடியோவில் நான் இன்றும் பயன்படுத்துகிறேன்.

வாசலைன் பூசுவதாக இருந்தால் பழைய யுவி ஃபில்டரின் ஓரத்தில் மட்டும் பூசுங்கள், நடுவைச் சுத்தமாக விடுங்கள். லென்ஸ் கண்ணாடி மேல் ஒருபோதும் பூசாதீர்கள்.

செல்போனில்?

கிளிப் மாதிரி மாட்டும் மிஸ்ட் ஃபில்டர்கள் கிடைக்கின்றன. ஒளிவட்டம் வரும். தோல் மென்மை வருவது கஷ்டம். போன் தானே படத்தைக் கூர்மையாக்கி, நிழலையும் தூக்கி, ஃபில்டர் செய்ததில் பாதியைக் கலைத்துவிடும். கூர்மையைக் குறைக்க விடும் கேமரா ஆப்பில் எடுத்தால் பரவாயில்லை.

இரண்டு கேமரா, ஒரு ட்ரோன் என்று வேலை செய்கிறோம். எல்லாவற்றிலும் மாட்ட வேண்டுமா?

இரண்டு கேமராவிலும் ஒரே கம்பெனி, ஒரே வகை. இல்லையென்றால் ஒவ்வொரு வெட்டிலும் முகம் மாறும். ட்ரோன் காட்சிக்கு எடிட்டிங்கில் கருப்பைக் கொஞ்சம் தூக்கினால் போதும். அப்புறம், கலர் செய்யும்போது ஃபில்டர் தூக்கிய கருப்பை முழுக்கக் கீழே இழுத்துவிடாதீர்கள். அப்படி இழுப்பதானால் ஃபில்டரே தேவையில்லை.

மாட்டியது 1/8 தான், ஆனால் படம் ரொம்ப மங்கலாக இருக்கிறது. ஃபில்டர் கோளாறா?

முதலில் கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள். காலையில் பத்து டிகிரிக்கும் கீழே வெளியில் எடுத்துவிட்டு, ஜனம் நிறைந்த மண்டபத்துக்குள் நுழைந்தால் குளிர்ந்த கண்ணாடியில் உள்காற்றின் ஈரம் படியும். என்னோடு வந்த தம்பி ஒருவன் அதை ஃபில்டரின் அழகு என்று நினைத்துத் தாலி கட்டும் வரை எடுத்துக்கொண்டிருந்தான். நல்லவேளை, இன்னொரு கேமரா இருந்தது.

உள்ளே போகும் முன் கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை மூடுங்கள். உள்ளே போய் இருபது முப்பது நிமிடம் கழித்துத் திறங்கள். பை வழியாக மெதுவாகச் சூடேறினால் ஆவி படியாது. ஃபில்டரின் இரண்டு பக்கமும், அதற்குப் பின்னால் லென்ஸ் முகப்பும் படியும் என்பதால் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.

மழைக்காலத்தில் ஃபில்டரை எப்படி வைத்துக்கொள்வது?

லென்ஸைப் பார்த்துக்கொள்வது போலவே. ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஜூனில் ஆரம்பிக்கும், குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பரில் கொட்டும். இந்த மாதங்களில் தோல் உறைக்குள் போட்டு மூடிவைத்த கண்ணாடியில் பூஞ்சை பிடித்துவிடும். டிரை கேபினெட் இருந்தால் ஈரப்பதத்தை 40-க்கும் 50-க்கும் நடுவில் வையுங்கள். இல்லையென்றால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, அது நிறம் மாறும்போது வறுத்தெடுத்துத் திரும்பப் போடுங்கள். மிஸ்ட் ஃபில்டரில் பூஞ்சை பிடித்தால் சீக்கிரம் கண்டுபிடிக்க முடியாது, அதுவும் ஒருவித டிஃப்யூஷன் மாதிரியே இருக்கும். மாதம் ஒருமுறை ஜன்னலுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

கல்யாண வீட்டாரிடம் முன்பே சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். நிச்சயதார்த்தத்தின்போதோ அதற்கு முன்போ, அந்தப் பெண்ணையே ஜன்னலோரம் நிறுத்தி ஃபில்டரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று எடுப்பேன். எது எது என்று சொல்லாமல் இரண்டையும் அவளிடமும் அவள் அம்மாவிடமும் காட்டுவேன். அம்மாக்கள் பெரும்பாலும் ஃபில்டர் இல்லாததையே காட்டி, “இதுதான் எம் பொண்ணு” என்கிறார்கள். பெண்கள் பெரும்பாலும் 1/8-ஐ எடுக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே படத்தைக் காட்டினால் எனக்கு வேலை சுலபம். வேறு வேறாகக் காட்டினால் மணப்பெண் காட்டியதைத்தான் எடுப்பேன், அம்மாவுக்காக ஃபில்டர் இல்லாமல் நாலு படம் தனியாக.